ரெகுலேட்டர் மாத்திரை

இந்தத் தலைநகரில் கூலிக்குப் போகிறவர்களுக்கு மாத்திரையைப் பெயரில்லாமல்தான் விற்கிறார்கள். அட்டையை வெட்டி, பெயர் அச்சடித்த பாதியைக் கடைக்காரன் வைத்துக்கொள்கிறான். நேற்று நரேலாவில் அந்தக் கத்தரிக்கோல் சத்தம் கேட்டதும் நீ நினைவுக்கு வந்தாய்.

நம் தமிழ்க் குடிசைகள் இருந்த மதராசி கேம்ப்பில் மாமா தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்த அன்று, அவர் சட்டைப் பையில் அப்படி வெட்டிய ஒரு மாத்திரை அட்டை. வேட்டி மடிப்பில் குவார்ட்டர். நீ அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தாய்.

“பேரு என்ன மாமா?”

“யாருக்குத் தெரியும்? ஒடம்பு வலிக்குன்னு குடுத்தான். போட்டா ஆளையே சாய்ச்சிடுது.”

பந்தலில் இருந்த ஒரே ஃபேனிடம் போய் நின்றாய். “இதான் ஒங்க மூளை, நரம்பு எல்லாம். சரக்கு உள்ள போனா இப்படி.” ரெகுலேட்டரை ஐந்திலிருந்து மூன்றுக்குத் திருப்பினாய். “இந்த மாத்திரை போட்டா இப்படி.” ஒன்றுக்கு வந்தது. “ரெண்டும் சேர்ந்தா?” அணைத்தே விட்டாய். “மூச்சும் இதே மாதிரிதான் மாமா.”

ஜூன் மாதம். பந்தலே கத்தியது: “ஏய், ஃபேனப் போடுடி!”

“மாமா மாத்திரையைக் குடுத்தாத்தான்.”

“குடுத்துத் தொலை மாமா, வேகுது!”

கொடுத்தார். குவார்ட்டருக்கும் கை நீட்டினாய். “இது சம்பந்தி குடுத்தது, மரியாதைப் பொருள்” என்றார். மாப்பிள்ளை வீட்டாரே சிரித்தார்கள். சாயங்காலம் வரை டோல் மேளத்துக்கு ஆடினார் மனுஷன்.

நரம்பு மண்டலத்தின் வேகத்தைக் குறைப்பதெல்லாம் ஒரே குடும்பம், டிப்ரெசன்ட் என்று பெயர் என்றாய். தமிழில் என்ன என்று கேட்டேன். தணிப்பி, ஒடுக்கி என்று இழுத்தாய். “ரெகுலேட்டர்னு சொல்லு, போதும்” என்றார் மாமா. அன்றிலிருந்து கேம்ப் பெண்கள் மருந்துக் கடையில், அது ரெகுலேட்டர் மாத்திரை இல்லையே என உறுதிசெய்துகொள்ள, “பையா, ரெகுலேட்டர் வாலா தோ நஹி ஹை?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். உனக்குச் சிரித்துச் சிரித்து விக்கல் வந்தது.

டெங்குவில் நீ போனாய். பிறகு கேம்ப்பை இடித்தார்கள். அந்தச் சொல் மட்டும் மாமாவின் தட்டுமுட்டுச் சாமான்களோடு டெம்போ ஏறி, மாற்று வீடு கிடைத்த நரேலாவுக்கு வந்துவிட்டது.

நேற்று முதுகுவலிக்கு மாத்திரை வாங்கப் போனோம். கடைக்காரன் வெட்டி நீட்டினான். மாமா வாங்கவில்லை. “பையா, ரெகுலேட்டர் வாலா தோ நஹி?” என்றார். அவன் விழித்தான். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பெயர் உள்ள பாதியைக் காட்டச் சொன்னேன். அவன் அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

மாமா முழங்கை இரண்டையும் கடையின் கண்ணாடி மேசை மேல் ஊன்றிக்கொண்டார். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பெயர் உள்ள பாதியை மறுபடியும் கேட்டேன்.

“பையா, நாம் வாலா ஹிஸ்ஸா திகாவோ.”