உன் எண்ணுக்கு நான் வைத்த பத்து விநாடி

நேற்று காலை உன் வீட்டுக்காரர் வந்து உன் ஃபோனைக் கொடுத்துவிட்டுப் போனார். நீ தைத்த துணிப்பைக்குள்ளேயே இருந்தது, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நாடாவோடு. பையைத் திறந்ததும் உன் முழங்கால் தைலத்தின் வாசனை. "கோயில் லிஸ்ட்லேருந்து இவ நம்பரை எடுத்துடும்மா" என்றார். காபிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

லேப்டாப்பைத் திறந்தேன். கோயில் அழைப்புகளை இணைக்கும் சர்வரின் பட்டியலில் 101 என்ற உன் எண்ணுக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. என் மடியில் கிடந்த உன் ஃபோன், சில நிமிடங்களுக்கு ஒரு தடவை "நான் இருக்கிறேன்" என்று சர்வருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படிச் சொல்லும்வரை அதன் கணக்கில் நீ இருக்கிறாய்.

அந்தச் சர்வரை அமைத்தவள் நான். இதை முதலில் எழுதாவிட்டால் மேலே எழுத வராது. படுக்கையில் கிடக்கும் நம் கோயில் பங்கு மக்கள் யாராவது ஒருவரின் முகத்தைப் பார்த்துச் செபிக்க வழி வேண்டும் என்று ஃபாதர் கேட்டார். கோயில் அலுவலகத்தில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரை நான்தான் கேட்டு வாங்கினேன். குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றேன். பதினான்கு வீடு, பதினான்கு ஃபோன். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு பாஸ்வேர்டு. யார் கூப்பிட்டால் முதலில் எங்கே மணி அடிக்க வேண்டும், எத்தனை விநாடி அடிக்க வேண்டும், எல்லாம் மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. முதல் வாரம் முகம் வந்தது, குரல் வரவில்லை. நீ பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "கணக்கு டீச்சர், உன் மெஷின் ஊமைப் படம் காட்டுதுடி" என்று சிரித்தாய்.

எல்லாம் ஓடத் தொடங்கியபோது ஃபாதர் உன்னைக் காட்டிச் சொன்னார்: "அவங்க குரல் நல்லா இருக்கு, முதல்ல அவங்களுக்கு அடிக்கட்டும். எடுக்கலைன்னா ஸ்டெல்லாவுக்குப் போகட்டும்." அதை என் கையாலேயே டைப் செய்தேன். நீ 101, நான் 102. ஞாயிறு பூசை முடிந்து அறிவித்தபோது உன் பெயரைத்தான் சொன்னார். நீ எழுந்து நின்று, "செஞ்சது இவ, ஃபாதர்!" என்று என்னைக் கை காட்டினாய். "என்ன நல்ல மனசு பாரு" என்று பின்வரிசையில் உன்னைத்தான் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு என் ஃபோன் அடிக்கவே இல்லை. சர்வரில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்ற விவரம் வரும், தினமும் பார்ப்பேன். எல்லாம் நீ, நீ, நீ. ஒரே ஒரு நாள் நீ குளிக்கப் போயிருந்தாய் போல. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து டெய்சி ஆன்ட்டியின் அழைப்பு எனக்கு வந்தது. இடுப்பெலும்பு உடைந்து படுத்திருப்பவர். என் முகத்தைப் பார்த்ததும், "யாரு, நீயா? அவ இல்லையாம்மா? சரி, அப்புறமா கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார். அவருக்காக வாய் திறந்து ஒரு வார்த்தை செபிக்க விடவில்லை.

அன்றைக்கு மாற்றினேன். உன் எண்ணுக்கு முப்பது விநாடி மணி அடித்துக்கொண்டிருந்தது. அதைப் பத்தாக்கினேன். உன் முழங்காலுக்குப் பத்து விநாடி போதாது என்று எனக்குத் தெரியும். உப்புப் பாக்கெட்டைக்கூட எழுதி வைக்கிறவள், இந்த மாற்றத்தை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

அழைப்புகள் எனக்கு வரத் தொடங்கின. சந்தோஷமாக இருந்தேன். பொய் சொல்லமாட்டேன், ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

இரண்டு வாரம் கழித்து நீ வந்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாய்.

"ஏண்டி, என் ஃபோன் சீக்கிரமா நின்னுடுது. அருள் நிறைந்த மரியே சொல்லிக்கிட்டே எழுந்திருக்கிறேன். முன்னெல்லாம் ஒண்ணு முழுசா முடிச்சு ரெண்டாவது பாதியில எடுப்பேன். இப்போ முதல் செபத்துலயே ‘இயேசுவும்’ வர்றதுக்குள்ள கட்டு."

"நெட்வொர்க்கா இருக்கும்" என்றேன்.

"எனக்கு மட்டுமா நெட்வொர்க்கு?"

"உங்க தெருவுக்கு அப்படித்தான்."

என் முகத்தைப் பார்த்தாய். "சரி. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எழுந்து போனாய். தெரிந்து சொன்னாயா, நம்பிச் சொன்னாயா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

அந்த வாரமே பையைத் தைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாய். சமையலறை, மாடிப்படி, பூசை, எங்கேயும் அதோடுதான். இரண்டாவது மணியிலேயே எடுத்தாய். என் ஃபோன் மறுபடியும் ஊமையாயிற்று. அந்தப் பையின் தையல் நேராக இருந்ததுகூட எனக்குப் பொறுக்கவில்லை. என் தையல் ஒருநாளும் அப்படி வந்ததில்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் அதை மாட்டியிருந்தாய். நர்ஸ் கழற்றச் சொன்னபோது நானும் கட்டிலருகில்தான் நின்றேன். நீ அதை உன் வீட்டுக்காரர் கையில் கொடுத்தாய். அந்த நேரத்திலும், என்னிடம் தரவில்லையே என்று எனக்கு இருந்தது.

நீ போன பிறகு பாவசங்கீர்த்தனத்தில் இந்தப் பாவத்தைச் சொன்னேன். ஃபாதர், "பத்து விநாடியா?" என்று திரும்பக் கேட்டார். அவருக்கு விளங்கவில்லை. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொன்றிலும் ‘இயேசுவும்’ என்ற இடத்தில் நின்று நின்று சொன்னேன்.

நீ போனதிலிருந்து, உன் எண்ணில் அடித்து ஓய்ந்ததும், எல்லா அழைப்பும் எனக்குத்தான் வருகிறது. நான் எடுக்காவிட்டால் அடுத்து யாரும் இல்லை. எனக்கு நானே தண்டனையாக என் எண்ணுக்கும் பத்து விநாடி வைத்துப் பார்த்தேன். நான்காம் நாள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வருவதற்குள் டெய்சி ஆன்ட்டியின் அழைப்பு நின்றுவிட்டது. என் தண்டனையை அவர் தலையில் போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. முப்பத்தைந்தாக்கி, நோட்டில் மையால் எழுதினேன். அதற்கு மேல் வரியில், விட்டுப்போனதையும் எழுதினேன்: 101, முப்பதிலிருந்து பத்து, மாற்றியது நான்.

நேற்று உன் எண்ணை எடுத்துவிட்டேன். பச்சைப் புள்ளி போய், அந்த வரியே போனது. 101-ஐ எனக்கு மாற்றிக்கொள்ள ஆசை வந்தது. செய்யவில்லை. உன் ஃபோனை மேசையில் வைத்துவிட்டு, என் ஃபோனை உன் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டினேன். நாடா உன் உயரத்துக்கு வைத்தது. எனக்கு வயிற்றுக்குக் கீழே தொங்கி, நடக்கும்போது இடிக்கிறது. முடிச்சை அவிழ்த்துச் சின்னதாக்கக் கை வரவில்லை.

சாயங்காலம் டெய்சி ஆன்ட்டி கூப்பிட்டார். இரண்டாவது மணியில் எடுத்தேன்.

"அடேயப்பா! அவ மாதிரியே டக்குனு எடுக்கிறியே" என்றார்.

அவ மாதிரியே. சுருக்கென்றது. "ஆமா ஆன்ட்டி, அவ பைதான்" என்றேன், செபத்தைத் தொடங்கினோம்.