அத்தான் மீது சாட்சி

மார்ச் 9

அன்புள்ள தங்கைக்கு,

மலையிலிருந்து விழுந்த பஸ்ஸில் உன் கணவரும் போனார், அதை ஓட்டிய உன் அத்தானும் போனார். உன் கணவரின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க வர நினைத்தேன். என் வீட்டு வாசலையே தாண்ட விடவில்லை. பஸ்ஸில் செத்தவர்களின் உறவுக்காரர்கள் கதவை உடைத்து, என் தலைமுடியைப் பிடித்துத் தெருவில் இழுத்தார்கள். தடுக்க வந்த என் மகனின் வலது கையை இரும்புக் குழாயால் அடித்து நொறுக்கினார்கள். குழாயைப் பிடித்திருந்தது உன் கொழுந்தன். வெல்டிங் செய்யும் கை அது. இனி எங்கள் வீட்டில் சம்பாதிக்க யாருமில்லை.

அத்தான் குடித்திருந்தார் என்று பஸ் முதலாளி சொல்லித் திரிகிறார். பிரேக் சரியில்லை என்று அத்தான் அவரிடம் போய் நின்றதற்கு, "ஓட்ட இஷ்டமில்லன்னா சாவியக் குடுத்துட்டுப் போ, வேற ஆள் கெடைக்கும்" என்றாராம்.

நீ ஏதாவது சாப்பிடுகிறாயா? பிள்ளைகள் தூங்குகிறார்களா?

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். நீ பார்க்க வந்திருந்தாலும் முகம் இல்லை அக்கா. சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொன்னேன்.

முதலாளி வீட்டுக்கு வந்தார். டிரைவர் மேல் சாராய நாற்றம் அடிக்கிறது என்று என் கணவர் பஸ்ஸிலிருந்து போன் செய்ததாக நான் போலீஸில் சொன்னால், உடனே கையில் பணமாம். பிரேக் என்று வழக்குப் போட்டால் தீர்ப்பு வருவதற்குள் பிள்ளைகளுக்குக் கல்யாண வயதே வந்துவிடுமாம். முடியாது என்றேன். பிள்ளைகள் கண் முன்னாலேயே கொழுந்தன் என்னை அறைந்ததில் காதிலிருந்து ரத்தம் வந்தது. என் கணவர் நடத்திய கடை பூட்டிக் கிடக்கிறது, வாடகை கேட்டுக் கட்டடத்துக்காரர் தினமும் வந்து நிற்கிறார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அத்தான் குடிக்க மாட்டார் என்று எனக்குத் தெரியாதா? செத்தவரை இது என்ன செய்துவிடும்? வந்த பணத்தில் பாதி உனக்கு அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

தங்கை

மே 20

தங்கைக்கு,

நீ அனுப்பிய பணத்தைத் தபால்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் பிள்ளைகளுக்கு வேண்டும்.

சீழ் பிடித்து, மகனின் கையை முழங்கையோடு எடுத்துவிட்டார்கள். குடித்து ஓட்டியவன் குடும்பத்துக்கு ஒன்றும் கிடையாது என்று முதலாளியின் ஆட்கள், அவர் கொடுத்திருந்த வீட்டிலிருந்து எங்கள் சாமான்களைத் தெருவில் எறிந்தார்கள். கல்லை எடுத்து ஒருவன் மண்டையை உடைத்தேன். அவன் ரத்தத்தோடு கீழே கிடந்தான், எனக்கு மனம் ஆறவில்லை.

உன்னை அடித்தவன் வீட்டில் இருக்காதே. தனியாகப் போய்க் கடையைத் திற. பிள்ளைகள் வளர்ந்து கேட்டால், பெரியப்பா குடித்திருந்தார் என்று மட்டும் சொல்லாதே. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்.

நாங்கள் வேறு ஊருக்குப் போகிறோம். முகவரி எழுத மனம் வரவில்லை.

அக்கா