டீ மட்டும்தான்

அக். 7, செவ்வாய்

பனிமூட்டம். எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. ஸ்கூலுக்கு லீவு லெட்டர்: காய்ச்சல். காய்ச்சல் இல்லை. எச்.ஐ.வி. என்று லெட்டரில் எழுத முடியாது. பிறந்ததிலிருந்தே இருக்கிறது.

அம்மாவுடன் ஊட்டி ஆஸ்பத்திரி. குன்னூரிலென்றால் தெரிந்த முகம் யாராவது வந்துவிடும்.

எடை 68. போன வருடம் 57. பிடரி கறுத்திருக்கிறது. அழுக்கு இல்லையாம், தேய்த்தாலும் போகாதாம். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை அதிகம்.

டாக்டர்: "காலைல என்ன சாப்பிட்டே?"

"ஒண்ணும் இல்லைங்க. டீ மட்டும்தான்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். "எஸ்டேட்காரங்க எல்லாரும் இப்படித்தான் சார். டீ இவங்களுக்குக் கணக்குலயே வராது."

உண்மைதான். எங்கள் வீட்டில் டீ குடிக்காமல் யாரும் வாசல் தாண்டியதில்லை.

மாத்திரையை வருஷக்கணக்காகப் போட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். நிறுத்தவும் கூடாதாம். டீ குடிக்காமல் அடுத்த செவ்வாய் வரவேண்டும்.

பஸ்ஸில் அம்மா: "டீதான் கண்ணு. வேற ஒண்ணும் இருக்காது." எஸ்டேட் ஸ்டாப்பில் இறங்கும்வரை அதையே சொன்னாள்.

மாத்திரை 8.30.

அக். 9, வியாழன்

தீபாவளிச் சுடிதார். டெய்லர் போன வருட அளவை நோட்டில் பார்த்தார். டேப்பை மறுபடி வைத்தார். இடுப்பு நாலு இஞ்ச் கூட. கை மட்டும் அதே அளவு.

"துணி பத்தாதுங்களே."

அம்மாவுக்குப் பெருமை. "நல்லா சாப்பிடறாளுங்க."

அப்பா இதே நோயில் எலும்பும் தோலுமாகிப் போனார். அதிலிருந்து ஒல்லி என்றாலே அவளுக்குப் பயம். என் தொப்பைதான் அவளுக்கு சர்டிபிகேட்.

அழுகை வரவில்லை. கெமிஸ்ட்ரி ரெக்கார்டு பாக்கி. நகவெட்டி காணோம்.

மா. 8.30.

அக். 12, ஞாயிறு

மழை. தோட்டத்தில் இலை நிறைய வருகிறது, செவ்வாய் அம்மாவுக்கு லீவு இல்லை. நான் தனியாகப் போகவேண்டும்.

பக்கத்து வீட்டு செல்வி அக்கா: "ஏனுங்க, உங்க பொண்ணு நல்லாப் பூசினாப்பல ஆயிட்டாளுங்க." சாயங்காலம் வரை அம்மா முகத்தில் சிரிப்பு.

மாத்திரை டப்பா அரிசி டின்னுக்குள். எடுக்குமுன் கதவைச் சாத்த வேண்டும்.

நிறுத்தினால் வயிறு குறையுமா? அப்பா நிறுத்தினார். குறைந்தது.

மா. 8.30.

அக். 14, செவ்வாய்

வெயில். அம்மா டீ போட்டு மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். பழக்க தோஷம். கீழே ஊற்றினேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். பஸ்ஸில் தலை சுற்றியது.

சர்க்கரை அதே அளவு. கொழுப்பும் அதிகம். டாக்டர் பதமாகத்தான் சொன்னார். ஆரம்ப நிலையாம். இனிப்பு கூடாது, தினமும் நடக்கவேண்டும், மருந்தை மாற்றலாமா என்று யோசிப்பார்களாம். "அடுத்த வாரம் அம்மாவக் கண்டிப்பாக் கூட்டிட்டு வா."

சரிங்க. நாலு தடவை சொன்னேன், சரிங்க.

ஐந்தரைக்கு அம்மா வந்தாள். இலை பறிக்க இடுப்பில் கட்டின பிளாஸ்டிக் தாளைக்கூட அவிழ்க்கவில்லை.

"என்ன சொன்னாங்க?"

"அதிகம்தான்மா."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கவிழ்த்த டம்ளரைப் பார்த்தாள்.

"காலைல நான் வெச்சிட்டுப் போன டீயக் குடிச்சிட்டியா?"

பாவமாக இருந்தது. எனக்காகவா அவளுக்காகவா, தெரியவில்லை.

"குடிச்சிட்டேம்மா."

"அதானே பாத்தேன். எம்புத்தியத்தான் சொல்லணும், போட்டு வெச்சிட்டுப் போனேன் பாரு." சிரித்தாள். தாளை அவிழ்த்தாள். "மறுபடி எப்ப வரச் சொன்னாங்க?"

"தீபாவளி முடிஞ்சு."

அவளும் வரவேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அடுப்பைப் பற்றவைத்து எனக்கு டீ போட்டாள். இரண்டு ஸ்பூன் சர்க்கரை. குடித்தேன்.