நீ அனுப்பிய மெட்டு

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் நலம். முட்டிவலி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, உன்னை மாதிரியே. நேற்று நாலு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்திருந்தாலும் "வேலை இருக்கும்மா" என்று பாதியில் வைத்திருப்பாய். அதனால்தான் கடிதம்.

தையல் கடையில் இப்போது பள்ளிச் சீருடை நேரம். ஒரு நாளைக்கு நாற்பது காலர். நீ போன வருடம் போட்ட சோப்பு விளம்பரப் பாட்டு டிவியில் வந்தால் முதலாளியம்மா சத்தத்தைக் கூட்டி, "உன் பொண்ணு பாட்டு வந்துருச்சு, மிஷினை நிறுத்து" என்பார். நீதான் அதைச் சப்பென்று இருக்கிறது என்றாய். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரை மூளையை மழுக்குகிறது, மனசு வலிக்காமல் மெட்டு வராது என்றாய். எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கும்.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய மெட்டைச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். "மூணு நாளா தூங்கலை, ஆனா அதுவா கொட்டுதும்மா" என்று கூடவே எழுதியிருந்தாய். உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, அவ்வளவு நல்ல மெட்டு. அப்புறம்தான் கவனித்தேன். உன் பியானோ அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னாலேயே அதை நான் பாடிக்கொண்டிருந்தேன். கையிலிருந்த டப்பா மூடி கீழே விழுந்தது.

அது உன் அப்பா போட்ட கடைசி மெட்டு.

நீ அதைக் கேட்டிருக்க வழியே இல்லை. அப்போது என் வயிற்றில் உனக்கு ஏழு மாதம். ஒரு வாரம் தூங்காமல், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டதுகூடத் தெரியாமல் வீட்டுக்குள் அலைந்தார். ஒரு மத்தியானம் சமையலறை வாசலில் நின்று வயலினில் எனக்கு மட்டும் வாசித்துக் காட்டினார். "இத்தனை நாளா இதை எங்கே ஒளிச்சு வெச்சிருந்தீங்க? இனிமே இப்படியே போடுங்க" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

நாலாவது நாள் அவர் இல்லை.

மாரடைப்பு என்று சொல்லி உன்னை வளர்த்தேன். மாரடைப்பு இல்லை, பாப்பா. அவராகத்தான் போனார். வயலின் பெட்டியில், வில்லுக்குத் தேய்க்கும் மெழுகுக்குப் பக்கத்தில், டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டைகள் நாலும் பிரிக்காமல் இருந்தன. மெட்டு எழுதிய தாளை அடுப்பில் போட்டேன். இருபத்தெட்டு வருடமாக அதை முணுமுணுத்ததுகூட இல்லை. வயிற்றுக்குள் உனக்குக் கேட்டுவிட்டதோ, இல்லை அந்த இருட்டுக்குள் போகிறவர்களுக்கெல்லாம் அதே மெட்டுத்தான் கிடைக்குமோ, தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியது வேறு. சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா, மாத்திரை போட்டீங்களா என்று கேட்டிருக்க வேண்டும். மெட்டைப் பாராட்டிக்கொண்டு நின்றேன். உன்னையாவது கேட்கிறேன். மாத்திரை போட்டாயா?

நாளைக் காலை கூரியரில் இது வந்து சேரும், மத்தியான ரயிலில் நான் வருவேன். கதவைத் திற. அதற்குள் போனில் எனக்கு ஒரு பாட்டு அனுப்பு. பிஸ்கட்டுக்கோ பற்பசைக்கோ, எதற்காவது. சப்பென்று இருக்கட்டும். நூறு வயது வரைக்கும் நீ சப்பென்ற பாட்டாகவே போட்டுக்கொண்டிரு, தாயே.

உன் அம்மா