கிணற்றுக் கரண்டிகள்

ஃபாக்ஸ் கிரீக்,
நவம்பர், ஞாயிறு.

அன்பு மகன் கோல்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நலம்தான். பனி விழ ஆரம்பித்ததும் மூட்டுவலியும் வந்துவிட்டது. நான் அனுப்பிய கம்பளிக் காலுறையைச் சிறையில் வாங்காமல் திருப்பிவிட்டார்கள். குளிருக்கு அங்கே என்ன தருகிறார்கள் என்று எழுது.

வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். நம் மியூசியத்தை மூடிவிட்டோம். அமெரிக்கச் சுதந்திரப் போர்த் துப்பாக்கிகள், பீரங்கிக் குண்டு, வீரர்களின் உடுப்புகள் எல்லாவற்றையும் தலைநகர் அல்பனிக்கு ஏற்றிப் போய்விட்டார்கள். அங்கே கிடங்கில் கிடக்குமாம். கட்டடத்தை ஒரு பல் டாக்டர் வாங்குகிறார். பிரிட்டிஷ் படை ஊரைக் கொளுத்தியபோது எரியாமல் நின்ற ஒரே கல் வீடு. இனி அதில் பல் பிடுங்குவார்கள்.

கரண்டிகள் போன பிறகு பள்ளிக்கூடங்கள் வருவதை நிறுத்திவிட்டன. பிள்ளைகள் பார்க்க வந்ததே அவற்றைத்தானே. காத்ரினா க்ளாக் தன் குழந்தைகளை நிலவறையில் ஒளித்துவிட்டு, வெள்ளிக் கரண்டிகளைக் கிணற்றில் போட்டுத் திரும்பும்போது அந்தப் படையிடம் பிடிபட்டாள், கனடாவுக்குக் கொண்டுபோனார்கள், அவள் திரும்பி வரவேயில்லை, கரண்டிகள்தான் பின்னால் கிணற்றிலிருந்து கிடைத்தன. இதை நான் சொல்லும்போது ஒரு பிள்ளையும் அசையாது. நீயும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன்தான். கரண்டிகள் என்றாவது திரும்பக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். நீ எடுத்துப்போய் விற்றதை அந்தக் கடைக்காரன் அந்த வாரமே உருக்கிவிட்டானாம். போலீஸ் இப்போதுதான் சொன்னது.

க்ளாக் குடும்பத்தில் மிஞ்சியிருப்பது ஏர்லீன் ஒருத்திதான். பெட்டிகளைக் கட்டும்போது அவளிடம் மறுபடி மன்னிப்புக் கேட்டேன். பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டே சொன்னாள்: "கரண்டிய விடு, லோரெய்ன். அது கிணத்துல கெடந்தப்பவும் எங்க வீட்ல சூப்பு குடிச்சிட்டுதான் இருந்தாங்க. உன் பையன் அந்தப் போதக் கருமத்த விட்டுட்டானா? அதச் சொல்லு."

கத்திரிக்கோலைத் தேடுவதுபோல் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை சிறை அதிகாரி ஒருவர் வீட்டுக்கு வந்தார். தங்க இடம் இருந்தால் உன்னை வசந்தத்திலேயே விட்டுவிடலாமாம். உன் அறையைப் பார்த்தார். வெயில் நன்றாக வருகிறது என்றார். நல்ல மனிதர்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன், கோல்பி.

கரண்டிகளுக்காக இல்லை. குளியலறைத் தரையில் உதடு நீலம் பாரித்து நீ கிடந்த நாளில், ஆம்புலன்ஸ் வரும்வரை உன் வாயில் மூச்சு ஊதியவள் நான். அடுத்த மாதமே உன் சிநேகிதன் நேதனுக்கும் அப்படித்தான் ஆனது. அவன் அம்மா வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்றைக்கும் அவள் கடையில் என்னைப் பார்த்தால், பொறாமையோடு பார்க்கிறாள். என்னைப் பார்த்துப் பொறாமை. நீ உள்ளே இருப்பதால்தான் எனக்குத் தூக்கம் வருகிறது. பெற்றவள் எழுதக்கூடிய வார்த்தையா இது? எழுதிவிட்டேன்.

என் மனம் மாறினால் கூப்பிடச் சொல்லி அதிகாரி எண்ணைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கூப்பிடப் போவதில்லை.

என்னைத் திட்டி எழுது. பக்கம் பக்கமாகத் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. கொடுப்பதைச் சாப்பிடு. கர்த்தர் உன்னை அந்தக் கதவுக்குள்ளேயே வைத்துக் காக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
லோரெய்ன்