என்னைக் கேட்காமல் அக்காவிடம் வாங்கிய வாக்கு

எனக்கு ‘வாலு’ என்று பட்டம் கொடுத்து, அந்த வாலை ஒருநாளும் ஒட்ட நறுக்காமல் வளர்த்த என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் இருக்கும் இடத்தில் ஒன்றரை ஷிப்ட் கிடையாது, கரண்ட் போகாது, நானும் இல்லை. நலமாகத்தான் இருப்பீர்கள். நான்தான் நலமில்லை. உங்கள் மேல் பயங்கரக் கோபத்தில் இருக்கிறேன். இறந்து இரண்டு வருடமான மனிதரோடு சண்டை போடலாமா என்று கேட்டுவிடாதீர்கள். உயிரோடு இருந்தபோது சண்டை போட நீங்கள் காரணமே கொடுக்கவில்லையே, நான் என்ன செய்வது?

முதலில் நல்ல செய்தி. உங்கள் மாப்பிள்ளை போலீஸ் ஆகிறார். ஆமாம், கார்த்தி மாமாதான். கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறி நிற்பாரே, அவரேதான். மூன்று வாரத்துக்கு முன்னால் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்துவிட்டார். வீட்டில் கஞ்சி குடிக்கச் சொன்னால் முகம் சுளித்த மனிதர், இனி கஞ்சி போட்ட சட்டைக்குள்ளேயே வாழ வேண்டும். சல்யூட் அடிக்கிறாரோ கொட்டாவி விடுகிறாரோ தெரியவில்லை.

மாமா தேர்வானதில் பாதிப் பெருமை அக்காவுடையது. பனியன் கம்பெனியில் மாமாவுடைய தையல் வேலையை விடச் சொன்னதே சுகன்யா அக்காதான். “நீங்க படிங்க, ஊட்டை நான் பாத்துக்கறன்” என்று அவள் ஒன்றரை ஷிப்ட் எடுத்தாள். காலையில் எட்டரை மணிக்கு ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறவள், அதற்கு முன்னாலேயே மாமாவை எழுப்பி மைதானத்துக்கு இழுத்துப் போவாள். அவர் ஓடுவார், கூடவே இவளும் ஓடுவாள். “நீ எதுக்கு ஓடறே?” என்று கேட்டால், “மாமாவுக்குக் கம்பெனி குடுக்கறன்” என்பாள். நாளெல்லாம் பார்க்கிற கம்பெனி போதாதா என்று நான் கிண்டலடித்தேன். பரீட்சை அன்றும் அவரோடு கிளம்பிப் போனாள். துணைக்கு என்றாள். நம்பினேன்.

கவனியுங்கள் அப்பா, நம்பினேன். நான்! செக்கிங் செய்கிறவர்கள் குறை இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கரை உங்கள் முதுகில் ஒட்டி, கம்பெனி முழுக்க உங்களை அப்படியே நடக்கவிட்டவள். கட்டிங் மாஸ்டர் மகள் கிளாஸைக் கட் அடிக்காமல் வேறு யார் அடிப்பது என்று தலைமையாசிரியையிடமே கேட்டவள். ஊரை ஏமாற்றுகிற நான், ஒரு வருடம் முழுக்க வீட்டுக்குள்ளேயே ஏமாந்திருக்கிறேன்.

போலீஸ் வேலைக்கு ஆளை எடுக்கும் முன்னால், ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து அவருடைய குணம் எப்படி என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நம் லைன் வீட்டு வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. வந்தவர் சாதா பேண்ட், சாதா சட்டை, கையில் ஒரு ஃபைல். வாட்டர் ஃபில்டர் விற்க வந்தவர் என்று நினைத்தேன். கொஞ்சம் விளையாடலாம் என்று தோன்றியது.

“ஏங் கண்ணு, கார்த்திகேயன் ஊடு எது?”

“இதேதானுங். ஆனா ஊட்டுல ஆருமில்லீங். நான் பக்கத்து ஊட்டுப் புள்ளைங்.”

“ஆளு எப்புடி? வம்புதும்பு ஏதாச்சும்?”

“அவருங்களா? சம்சாரம் முறைச்சாலே சரண்டர் ஆயிருவாருங். அந்த ஊட்டுல வம்புன்னா அது மச்சினிச்சிதானுங். சரியான வாலு. புடிச்சு உள்ள போட்டாக்கூடப் புண்ணியமுங்.”

“போட்டுட்டாப் போச்சு” என்றபடி அவர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். “நான் ஸ்டேஷன்ல இருந்து வர்றங் கண்ணு.”

“அப்ப நீங்க வாட்டர் ஃபில்டர் இல்லீங்களா?”

நல்ல மனிதர். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஃபைலைப் புரட்டி, “செரி, அடுத்தது சுகன்யா. ரெண்டு பேருமே இந்த ஊடுதானே?” என்றார். மனைவி பெயரையும் கேட்பார்கள் போல என்று தலையாட்டினேன். அதற்குள் தெருக்குழாயில் இருந்த அக்கா, குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவரைப் பைக் பக்கம் கூட்டிப் போய்க் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். அவர் ஒரு தாளில் எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கினார். கிளம்பும்போது, “நல்லா ரோசனை பண்ணிக்கம்மா” என்றார். என்னைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டார், அடி நிச்சயம் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அக்கா அடிக்கவே இல்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மாமா கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் அக்கா அழவில்லை. டிரங்குப் பெட்டி, பக்கெட், தட்டு, பூட்டு, வெள்ளைக் கான்வாஸ் ஷூ, அவளே தைத்த பனியன் ஆறு, ட்ராக் பேண்ட் இரண்டு. ஒவ்வொன்றையும் எங்கே வைத்திருக்கிறாள் என்று மூன்று முறை சொன்னாள். மாமாதான் அழுதார். “போலீஸ்காரரே, பொது இடத்துல அழுதா கேஸுங்” என்றேன். அப்போதும் நிற்கவில்லை. பஸ் நகர்ந்த பிறகும் ஜன்னலில் இருந்து அக்காவையே பார்த்துக்கொண்டு போனார். பிரிவு என்று நினைத்தேன். இல்லை அப்பா, அது குற்ற உணர்ச்சி.

மறுநாள் பள்ளி ப்ராஜெக்டுக்குத் துணி வேண்டும் என்று கட்டிலுக்கு அடியில் துண்டுத் துணிகள் கட்டி வைத்திருந்த பிட்டு மூட்டையைப் பிரித்தேன். அடியில் ஒரு பண்டில் இருந்தது. நீங்கள் கட்டுகிற மாதிரியே, அதே துணிக் கீற்றால், அதே முடிச்சு. பிரித்தால் மாமாவுக்குத் தைத்த அதே வெள்ளைத் துணி. முன்பக்கம், பின்பக்கம், கைகள். எல்லாம் வெட்டியபடி, தைக்காமல். ஒவ்வொன்றிலும் சைஸ் ஸ்டிக்கர். எஸ்.

மாமா எல் சைஸ்.

“இது ஆருக்குடி?” என்று அக்காவிடம் கேட்டேன்.

“மிச்சத் துணி கண்ணு. எடுத்துக்க” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

யாரிடம் சொல்கிறாள்? துணியை விரித்து, பெரிய அளவுக்கு நடுவே சின்ன அளவை நுழைத்து, வீணாக்காமல் இரண்டையும் ஒரே வெட்டில் எடுப்பதை எங்கள் இருவருக்கும் நீங்கள்தானே சொல்லிக் கொடுத்தீர்கள்? மிச்சத் துணிக்குக் கழுத்து வளைவு எதற்கு அப்பா? கை வளைவு எதற்கு? அன்று பைக்கில் வந்தவர் ஃபைலைப் புரட்டிக் கேட்ட இரண்டாவது பெயர் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“அக்கா, நீயும் செலக்ட் ஆனயா?”

அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நறுக்குவதை நிறுத்தவில்லை.

“மாமாதான் ரெண்டு பேருக்கும் சேத்தி அப்ளிகேசன் போட்டாரு. எனக்கெங்கே கெடைக்கப்போகுதுன்னு நெனச்சன். கெடைச்சிருச்சு. ரெண்டே ரெண்டு நாளு ஆசைப்பட்டன் கண்ணு. அப்பத்தான் ரெண்டு பேருக்கும் சேத்தி வெட்டுனன். அப்பறம் அப்பாவுக்குக் குடுத்த வாக்கு ஞாபகம் வந்துருச்சு. வேண்டாம்னு அந்தப் போலீஸ்காரர்கிட்ட எழுதிக் குடுத்துட்டன்.”

“என்ன வாக்கு?”

“நீ காலேஜ் முடிக்கற வரைக்கும் உன்னைய உட்டுட்டு எங்கயும் போகக்கூடாதுன்னு.”

அந்தப் பண்டிலை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

எப்போது வாங்கினீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில், கடைசிக்கு முந்தைய நாள். “வாலு, எனக்கு இளநி குடிக்கணுமாட்ட இருக்குது. செவ்வெளநியாப் பாத்து வாங்கிட்டு வா” என்று என்னை அனுப்பினீர்கள். நான் மூன்று கடை அலைந்தேன். வழுக்கையாக வேண்டும் என்று கடைக்காரரோடு சண்டை போட்டேன். திரும்பி வந்தபோது அக்காவின் கண் சிவந்திருந்தது. நீங்களோ, “இளநிக்காரன் உசுரோட இருக்கானா?” என்று என்னைச் சிரிக்க வைத்தீர்கள். ஒரு வாய்தான் குடித்தீர்கள். தாகமே இல்லை, இல்லையா அப்பா? என்னை வெளியே அனுப்பிவிட்டு என் பெயரில் ஒரு வாக்கை வாங்கினீர்கள். என் விளையாட்டில் எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் உண்மையைச் சொல்லிவிடுவேன். நீங்கள் சொல்லாமலே போய்விட்டீர்கள்.

பள்ளி மைதானத்தில் அக்கா ஓடும்போது செல்போனில் நேரம் பார்த்துச் சொன்னது யார்? “எம் புள்ளை காக்கி போடுவா” என்று கட்டிங் டேபிளில் கத்தியைத் தட்டிச் சொன்னது யார்? அம்மா போன பிறகு எனக்குத் தலை பின்னிவிட்ட அக்கா, என்னைத் தனியாக விட்டுவிடுவாள் என்று எப்படிப் பயந்தீர்கள்? அவளை ஓட வைத்த நீங்களே காலைக் கட்டிவிட்டீர்களே. அதுவும் என்னைக் கயிறாகத் திரித்து.

முதல் ஞாயிற்றுக்கிழமைதான் மாமாவுக்குப் போன் கொடுத்தார்கள். பத்து நிமிடம். அக்கா பேசி முடித்ததும் நான் பிடுங்கிக்கொண்டேன்.

“ஏனுங் மாமா, உங்ககூட இன்னொருத்தியும் செலக்ட் ஆனாளாமா? அவளெங்கீங்? இன்னும் வந்து சேரலீங்களா?”

அந்தப் பக்கம் யாரோ விசில் ஊதுவது கேட்டது.

“தெரிஞ்சுபோச்சா சாமி?” என்றார். “நீ போ, நான் ஊட்ல இருக்கறன்னுதான் சொன்னன். மச்சினிச்சியும் நானும் மட்டும் ஒரு ஊட்டுல இருந்தா ஊருல என்ன பேசுவாங்கன்னு உங்கக்கா கேட்டுப்போட்டா. அதுக்கு மேல எனக்குப் பேச வரலை.”

“என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்லீங்களா?”

“அவதான் சத்தியம் வாங்கிட்டா.”

பாருங்கள், வாக்கு வாங்கும் வியாதி உங்களிடமிருந்து அவளுக்கும் தொற்றிவிட்டது. கால் முழுக்கக் கொப்புளம், சரியாகத் தூக்கமில்லை என்று அக்காவிடம் சொன்ன மனிதர், என்னிடம் ஒரு வலியும் சொல்லாமல் மன்னிப்பு மட்டும் கேட்டார். மாமாவை மன்னித்துவிட்டேன். அவர் நல்லவர். நீங்களும் நல்லவர்தான். நல்லவர்கள் மூன்று பேர் கூடி ஒருத்தியை ஏமாற்றினால் அவள் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பாள்?

போன் வைத்த கையோடு நான் இன்னொரு போன் செய்தேன். தாராபுரத்தில் இருக்கிற மாமாவின் அம்மாவுக்கு. சம்பந்தி வீட்டில் போய் நிற்கக் கூடாது என்று நீங்கள் கௌரவம் பார்ப்பீர்களே, அதே அத்தைக்கு.

“ஏனுங்கத்தை, அடுத்த தடவை அக்காவும் போலீஸ் டிரெயினிங் போனா, உங்க ஊட்ல ஒரு வாயாடிக்கு இடமிருக்குங்களா?”

“வாயை அங்கயே வெச்சுட்டு வந்தா தாராளமா இருக்குது.”

“வாய் இல்லாட்டி சோறு எதுலீங்கத்தை திங்கறது?”

“செரி, அதையும் எடுத்துட்டே வந்து சேரு. இதைக் கேக்கறதுக்கு உங்கக்காவுக்கு என்னவாம்? நானென்ன பூதமா?” என்று அத்தை கோபித்துக்கொண்டார்.

இவ்வளவுதான் அப்பா. ஒரு போன். நான்கு வரி. இதைச் செய்ய யாருக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. எனக்குப் பயமாக இருக்குமா, அக்கா இல்லாமல் இருப்பேனா, எங்கே இருக்கப் பிடிக்கும் என்று ஒரு வார்த்தை. கேட்டிருந்தால் நான் அழுதிருப்பேன், உண்மைதான். அழுதுவிட்டு, “போடி அக்கா” என்றிருப்பேன். அந்த வாய்ப்பைத்தான் நீங்கள் பறித்துக்கொண்டீர்கள். அவளுடைய வேலை போனதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது. என்னைச் சிரிக்க வைக்க மட்டுமே தெரிந்துவைத்திருந்தீர்களா? நான் தாங்குவேன் என்பது உங்களுக்குத் தெரியவே இல்லையா?

அக்காவிடம் அத்தை சொன்னதைச் சொன்னேன். “அப்பாவுக்குக் குடுத்த வாக்கை மீற மாட்டேன்” என்றாள். “அவரு எனக்காகத்தானே வாங்குனாரு? எனக்கு வேண்டாம். திருப்பிக் குடுத்தாச்சு” என்றேன். மூன்றாம் நாள் தோசை வார்த்துக்கொண்டே, “அடுத்த தடவைக்கும் எனக்கு வயசு இருக்குதான்னு பாத்தியா?” என்று தோசையிடம் கேட்பது போலக் கேட்டாள். இருக்கிறது. ஒரு தடவைக்கு இருக்கிறது. தோசை சார்பாக நானே பதில் சொன்னேன்.

ஆகவே இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. நீங்கள் கேட்டு வாங்கியது அல்ல, நானாகக் கொடுப்பது. அடுத்த அறிவிப்பு வருகிற அன்றே அக்காவின் விண்ணப்பத்தை நானே நிரப்புவேன். அவள் கிளம்புகிற நாளில் பஸ் ஸ்டாண்டில் அழமாட்டேன், அழுதாலும் பஸ் போன பிறகுதான். உங்களை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். அது இன்னும் வரவில்லை, வந்ததும் எழுதுகிறேன். ஆனால் அந்த விண்ணப்பத்தில் தந்தை பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் உங்கள் பெயரை அடித்தல் திருத்தல் இல்லாமல், என் கையெழுத்திலேயே அழகானதை எடுத்து எழுதுவேன். எழுதும்போதும் கோபமாகத்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்களைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்ட உங்கள் சின்ன மகள்,
மதுமிதா