பால்சுறா வறை

புரட்டாதி 14, செவ்வாய்

ஆய்வுக்குத் தாய்ப்பால் எடுக்க இன்று மறுபடியும் குருநகருக்குப் போனேன். ஆய்வுக்குப் பால் தரும் ஜெசிந்தா போன மாதத்தைவிட நன்றாக மெலிந்துவிட்டாள். மடியில் கிடந்த குழந்தை மட்டும் கொழுகொழுவென்று இருந்தது.

பால் ஊறுவதற்கென்று மாமியார் அவளுக்குப் பால்சுறா மீனை அவித்து உதிர்த்து வறை செய்து கொடுப்பது எனக்குத் தெரியும். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். அவள் மாமியாரின் முகத்தைப் பார்த்தாள்; மாமியார்தான் பதில் சொன்னார்.

"நீங்கள்தானே பிள்ளை போனமுறை சொன்னனீங்கள், தாய் என்ன சாப்பிட்டாலும் பாலிலை புரதம் பெரிசா மாறாதெண்டு. பிறகென்னத்துக்கு? இப்ப வலையிலை வாற சுறா முழுக்கச் சந்தைக்குத்தான்."

சொன்னது நான்தான். கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னேன் என்று அன்று எனக்குப் பெருமை வேறு.

"பாலிலை குறையாது அம்மா. ஆனா அது இவளின்ரை உடம்பிலை இருந்தெல்லோ போகுது" என்றேன்.

"அண்டைக்கு ஒண்டு, இண்டைக்கு ஒண்டு கதையாதேங்கோ பிள்ளை" என்றுவிட்டு அவர் குசினிக்குள் போய்விட்டார்.

பின்னேரம் ஆய்வுகூடத்தில் அந்தப் பாலை அளந்தேன். புரதம் போன மாதம் இருந்த அளவிலேயே இருக்கிறது. நான் சொன்னது இன்னொரு முறை சரியாகிவிட்டது. இந்த முறை அது பிழையாகிப்போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

படுத்துப் பார்த்தேன், நித்திரை வரவில்லை. போத்தலை என் கையில் தரும்போது ஜெசிந்தா கேட்டதுதான் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது.

"இவ்வளவும் காணுமோ அக்கா? இன்னும் கொஞ்சம் எடுக்கட்டோ?"